பேதுருவின் சுண்டுவிரல்

ஆன்ட்வெர்ப், மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள், 1632

அன்புள்ள அக்கா டிம்ப்னாவுக்கு,

தம்பி கோமார் எழுதுவது. பயப்படாதே, நான் சாகவில்லை. செத்திருந்தால் வேறு யாராவது எழுதியிருப்பார்கள். இதை நானே எழுதுகிறேன். ஆமாம், நானே! விலாங்கு மீன் பிடித்த இந்தக் கை அறுபத்தொன்பது வயதில் எழுதுகிற இறகைப் பிடித்திருக்கிறது. விலாங்கை விட இறகுதான் அதிகம் வழுக்குகிறது.

என் முழங்கால்கள் இரண்டும் நம்மைப் போலவே ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. மூன்று பல் மிச்சம். பசிக்குக் குறைவில்லை. உன் உடம்பு எப்படி?

நான் குடியிருக்கும் வீட்டுக்காரி பார்பெல், ரொட்டிக்காரனின் விதவை. "பெரியவரே, உம்ம வாயைக் கொஞ்ச நேரம் காகிதத்துல இறக்கி வச்சா என் காது பிழைக்கும்" என்று சொல்லி, தன் செபப் புத்தகத்தை வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது முற்றுப்புள்ளி. அதை வைக்கும்போது யார் முகத்திலோ கதவைச் சாத்துகிற சுகம் இருக்கிறது. உனக்கு ஏன் அந்த வேலை பிடித்தது என்று இப்போதுதான் புரிகிறது.

அம்மாவை அடக்கம் செய்த அன்று உங்கள் மடத்து வாசலில் நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. "முட்டி போட்டு மன்னிப்புக் கேளு. அதுவரைக்கும் இந்த வாசப்படி மிதிக்காதே." இருபது வருடம் ஆகிவிட்டது. நான் முட்டி போடவில்லை. இனியும் போடமாட்டேன். ஆனால் உன் வாசலுக்குள் காகிதம் வரலாம் அல்லவா? அதற்கு முட்டியே கிடையாதே.

விலாங்கு பிடிப்பதை விட்டுவிட்டேன். இப்போது பாவத்துக்கு அழுகிற வேலை பார்க்கிறேன். என்னவென்று கேட்டால் சொல்கிறேன்.

உன் தம்பி,
கோமார் (கையெழுத்தும் என்னுடையதே)


லியர், மெழுகுவத்தித் திருநாள்

கோமாருக்கு,

கடிதம் கிடைத்தது. ஒரு பக்கத்தில் ஒன்பது மசிக்கறை. அதைப் பார்த்த மடத்துத் தலைவி அம்மா, நம் பக்கத்தில் யாராவது கோழி வளர்க்கிறார்களா என்று கேட்டார்.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் இருமல்.

அம்மாவின் சவக்குழிக் கரையில் குடித்துவிட்டு நின்று, படகுக்காரப் பாட்டு மூன்று அடி பாடி, பாதிரியார் மேல் விழுந்து, அவரையும் இழுத்துக்கொண்டு சேற்றில் உருண்டவன் நீ. ஊரே பார்த்தது. அம்மா மட்டும்தான் பார்க்கவில்லை. அதற்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க இருபது வருடமாக உனக்கு வாய் வரவில்லை. இப்போது பாவத்துக்கு அழுகிற வேலையாம். யார் பாவத்துக்கு? உன் பாவத்துக்கு என்றால் உன் ஆயுள் போதாதே.

கேட்டால் சொல்கிறேன் என்றாய். நான் கேட்கவில்லை. சொல்லித் தொலை.

டிம்ப்னா


ஆன்ட்வெர்ப், விபூதிப் புதனுக்கு முந்தின நாள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன்! திட்டு ஒவ்வொன்றையும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். பிறர் வாசிக்கக் கேட்பதை விட நாமே எழுத்துக் கூட்டினால் திட்டு எவ்வளவு நேரம் நீடிக்கிறது, தெரியுமா? காலையில் தொடங்கிய திட்டு மதியக் கஞ்சி வரை வந்தது. இங்கே எல்லாரும் நலம். உன் இருமலுக்குத் தேன் குடி.

லீவன் என்ற ஓவியரிடம் வேலை. இப்போது கோவிலுக்கெல்லாம் மனம் வருந்தும் புனிதர்கள்தான் வேண்டுமாம். சந்தோஷமான புனிதர் ஒருவரைக்கூட எவனும் கேட்பதில்லை. எனவே நான் வருந்துகிறேன். போன மாதம் ஜெரோமாக வருந்தினேன். இடுப்பில் ஒரு சிவப்புத் துணி, கையில் ஒரு கல், மார்பில் அடித்துக்கொள்ளும் பாவனை. ஜெரோம் இருந்தது பாலைவனத்தில். நான் இருந்தது அடுப்பு மூட்டாத மாடியில், ஜனவரியில். "யோவ், நடுங்காதய்யா, கோடு கோணுது" என்கிறார் லீவன். "மாஸ்டரே, இது நடுக்கமில்ல, பக்தி" என்றேன்.

ஜெரோமின் காலடியில் எப்போதும் படுத்திருக்கும் சிங்கத்தை வரைய வேறொருவர் வந்தார். மிருகங்கள் மட்டும் வரைபவர். சிங்கத்தை வாழ்நாளில் பார்த்ததில்லை. முடித்ததும் எதிர்வீட்டு இறைச்சிக்காரனின் நாய்க்குச் சளி பிடித்த மாதிரி இருந்தது. என் பக்கத்தில் வைத்திருந்த மண்டை ஓட்டுக்குத் தாடை கிடையாது. அதே மண்டை ஓடு மறுநாள் மகதலேனா மரியாளின் மடியில் இருந்தது. அந்த மரியாள் யார் தெரியுமா? ஒரு துணி வியாபாரியின் மனைவி. தன்னையே மரியாளாக வரையச் சொல்லியிருக்கிறாள். முத்துமாலையைக் கழற்றமாட்டேன் என்றாள். "உலகத்தை வெறுக்கிறேன், ஆனா இது எங்க மாமியார் கொடுத்தது" என்றாள். காசு கொடுத்து வருந்துகிறவர்கள் இப்படித்தான்.

லீவனுக்கு என் முகம் பிடித்திருக்கிறது. என் கைகளும்தான், அதிலும் இடது சுண்டுவிரல். எனக்கு நான்கு வயதில், நீ கதவைச் சாத்தி நசுக்கினாயே, அந்தக் கோணல் விரல். "இந்த ஒரு விரல் போதுமய்யா, மனுஷன் பட்ட பாடெல்லாம் தெரியுது" என்கிறார். நீ ஒரு கலைஞரின் பிழைப்புக்கு உதவியிருக்கிறாய்.

இன்னொரு கூத்து. என் தலையை ஒருமுறை காகிதத்தில் எண்ணெய்ச் சாயத்தால் தீட்டி வைத்துக்கொள்கிறார்கள். பிறகு எந்த உடம்பு வந்தாலும் அதன் மேல் அந்தத் தலையை எடுத்து வைக்கிறார்கள். இந்த வாரம், ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்துவிட்டு, சேவல் கூவியதும் அழுகிற பேதுரு ஆனேன். அதே தலை, வாயை மட்டும் சிரிக்க வைத்ததும், கழுதை மேல் சாய்ந்து கிடக்கும் குடிகாரக் கிழவன் ஆகிவிட்டது. யாரோ பணக்காரர் வீட்டுச் சாப்பாட்டு அறைக்காம். வருந்துகிறவனுக்கும் குடிக்கிறவனுக்கும் நடுவில் ஒரு வாய்தான் வித்தியாசம் என்று கற்றுக்கொண்டேன்.

தவக்காலம் வருகிறது. உனக்காக வேண்டிக்கொள்ள எனக்கு நேரமில்லை. தொழில்முறையில் ஏற்கெனவே நாள் முழுக்க முட்டி போடுகிறேன். மெத்தை தருகிறார்கள்.

கோமார்


லியர், உயிர்ப்பு ஞாயிறு முடிந்த மூன்றாம் நாள்

கோமாருக்கு,

உடல்நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

எங்கள் கோவில் பீடத்துக்குப் புதுப் படம் வந்தது. சர்க்கரை ஆலை முதலாளி ஹூபெர்ட் கெர்ஸ்டென்ஸ் அளித்த காணிக்கை. நான்கு பேர் தூக்கி வந்தார்கள். நாங்கள் அறுபது பெண்கள் மெழுகுவத்தியோடு நின்றோம். திரையை விலக்கினார்கள்.

நீ.

ஒரு முழ உயரத்துக்கு உன் முகம். சிவந்த கண். தாடியில் நீர். பின்னால் ஒரு சேவல், உன்னை அடையாளம் கண்டுகொண்ட மாதிரி கழுத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறது. கோத்த கைகளில் அந்தக் கோணல் விரல்.

என் பக்கத்தில் நின்ற அல்டெகொண்டா முட்டி போட்டு விம்மினாள். "டிம்ப்னாக்கா, எப்பேர்ப்பட்ட பாவ மனஸ்தாபம் பாருங்க! இவரு உண்மையிலேயே மன்னிப்புக் கேட்டிருக்காரு!" என்றாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இன்னும் வலிக்கிறது.

தினம் மூன்று வேளை நான் உன் முன்னால் முட்டி போட வேண்டியிருக்கிறது. நான், உன் முன்னால்! இது நடக்காது. முகத்தை மாற்றச் சொல்லித் தலைவி அம்மாவிடம் கேட்கப்போகிறேன்.

டிம்ப்னா


ஆன்ட்வெர்ப், மே முதல் வாரம்

என் அருமை அக்காவுக்கு,

சிரித்துச் சிரித்து விக்கல் வந்து, பார்பெல் முதுகில் தட்டினாள். அது தவிர நலமே.

இருபது வருடம் நீ வாசலைச் சாத்தி வைத்தாய். நான்கு பேர் தூக்க, அறுபது பெண்கள் மெழுகுவத்தி பிடிக்க, உள்ளே வந்துவிட்டேன் பார்! அதுவும் சமையலறைப் பக்கமாக அல்ல, நேராகப் பீடத்துக்கு. சத்தியமாக எனக்கு இது தெரியாது. படம் எந்த ஊருக்குப் போகிறது என்று தலைக்குச் சொல்ல மாட்டார்கள்.

அக்கா, கேலியை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒன்று சொல்கிறேன். அதை மாற்றச் சொல்லாதே. நான் பிடித்த விலாங்கையெல்லாம் ஊர் தின்று தீர்த்துவிட்டது. எனக்குப் பிள்ளை இல்லை. நான் போன பிறகு இந்த உலகத்தில் என் பெயரில் இருக்கப்போவது அந்த முகம் ஒன்றுதான். அதுவும் உன் கூரைக்குக் கீழே. அங்கேயே இருக்கட்டும்.

இந்தப் பத்தியை எழுத இரண்டு நாள் ஆயிற்று. முற்றுப்புள்ளிகளைப் பார், எவ்வளவு உருண்டை.

கோமார்


லியர், திருவுடல் திருநாள் வாரம்

கோமாருக்கு,

உன் விக்கல் நின்றிருக்கும் என்று நம்புகிறேன். என் இருமல் நிற்கவில்லை.

தலைவி அம்மாவிடம் போனேன். உறவைச் சொல்லவில்லை. "முகம் ரொம்ப ஊர்க்காரன் மாதிரி இருக்கு அம்மா" என்றேன். "பேதுரு வேற யாரு, மீன்காரன்தானே?" என்றார். போன வருடம் முழுக்கப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வராத பெண்கள்கூட இப்போது வரிசையில் நிற்கிறார்களாம். உன் மூஞ்சியைப் பார்த்து. என் காலத்தில் இதையும் கேட்க வேண்டியிருந்தது.

எனக்குத் தூணுக்குப் பக்கத்து இருக்கை. அங்கிருந்து சேவல் தெரியவில்லை, பேதுருவின் சாவி தெரியவில்லை, உன் முகம் மட்டும்தான் தெரிகிறது. நேற்றுப் பூசை நேரத்தில் மனதுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன். முழுப் பூசையும் போய்விட்டது. நீ ஒரு முறைகூடப் பதில் பேசவில்லை. உன் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த ஓவியருக்கு முன்னால் உட்கார்ந்து அழுதபோது, எதை நினைத்துக்கொண்டிருந்தாய்?

டிம்ப்னா


ஆன்ட்வெர்ப், ஜூலை நடுவில்

அன்புள்ள அக்காவுக்கு,

வெயிலில் முழங்கால் கொஞ்சம் சமாதானமாகி இருக்கிறது. நீ எப்படி?

வெங்காயம். அரிந்த வெங்காயத்தை மூக்கடியில் வைத்தார்கள், அழுதேன். அவ்வளவுதான். அறுபது பெண்கள் ஒரு வெங்காயத்தைப் பார்த்து விம்முகிறார்கள் என்று அல்டெகொண்டாவிடம் சொல்லிவிடாதே.

உன் வரிகள் ஏன் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன? நேற்று எழுதக் கற்ற எனக்கே நேராக வருகிறது. இரண்டு வரி ஒரே இடத்தில் படுத்திருந்ததைப் பிரித்தெடுக்கப் பார்பெல்லும் நானும் ஒரு மாலை முழுக்கப் போராடினோம்.

கெட்ட செய்தி ஒன்று. அந்தச் சர்க்கரை முதலாளி கெர்ஸ்டென்ஸ் ஒரு பாதிரியாரை விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறான். அவர் லியரில் உங்கள் கோவிலுக்கு வந்து போனவர். சாப்பாட்டு அறையில் கழுதை மேல் கிடக்கும் குடிகாரக் கிழவனை நிமிர்ந்து பார்த்தாராம். "அட, இவரைப் போன வாரந்தானே பாத்தேன்! அங்கே அழுதுக்கிட்டிருந்தாரு. இப்பதான் தேறி வந்திருக்காரு போல" என்றாராம். மேசையே சிரித்ததாம். ஆமாம், அந்தக் குடிகாரப் படத்தை வாங்கியவனும் அதே கெர்ஸ்டென்ஸ்தான்.

முதலாளி ஓவியக்கூடத்துக்கு வந்து குதித்தான். அப்போது நான் அங்கேதான் இருந்தேன். "என் காசுல அழறவனும் இவன், என் காசுல குடிக்கிறவனும் இவனா? பேதுருவுக்கு என் மூஞ்சியைப் போடுய்யா! நானே வருந்திக்கிறேன்!" என்றான். "குடிகாரனுக்கும் உங்க மூஞ்சியே போட்டுடலாமா முதலாளி?" என்று கேட்டேன். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

நீ ஆசைப்பட்டது நடக்கப்போகிறது. சந்தோஷமா?

கோமார்


லியர், புனித மிக்கேல் திருநாள்

கோமாருக்கு,

நலமாக இருக்கிறாயா? நான் இருக்கிறேன். காகிதம் கோணல், அதனால்தான் வரி கோணல்.

லீவன் வந்தார். ஏணி போட்டு உன் முகத்தைத் துடைத்து, மேலே முதலாளியை வைத்தார். இரண்டே நாள். இப்போது பீடத்தில் பேதுரு பல்வலிக்காரன் மாதிரி நிற்கிறார். கண்ணீர் இருக்கிறது, ஆனால் சர்க்கரை விலை இறங்கியதற்காக வந்த கண்ணீர். தாடியைச் சீவி விட்டிருக்கிறார்கள். ஆண்டவரை மறுதலித்த இரவில் எவன் தாடி சீவினான்? அல்டெகொண்டாகூட எழுந்து போய்விட்டாள். "என்னக்கா இது, நாம ஏதோ இவருகிட்ட கடன் கேக்கற மாதிரி இருக்கே" என்றாள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். முதலாளி முகத்துக்கு மட்டும்தான் விலை பேசியிருக்கிறார். கைகளைத் தொடவில்லை. பட்டுக் கழுத்துக்குக் கீழே உன் விலாங்குக்காரக் கைகள் கோத்தபடி இருக்கின்றன. கிட்டப் போய்ப் பார்த்தேன். கோணல் விரல் இருக்கிறது. அது எப்படிக் கோணியது என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி எழுதமாட்டேன்.

ஏணிக்குக் கீழே நின்று லீவனிடம் கேட்டேன். "அந்தக் கிழவரை அழ வைக்க நிறைய வெங்காயம் ஆகியிருக்குமே?"

"வெங்காயமா? எதுக்குங்க அம்மா?" என்றார். "நான் திரும்பி நின்னு சாயம் குழைச்சுக்கிட்டிருந்தேன். பக்கத்து வீட்டுலேருந்து குழம்பு வாசம் வந்துச்சு. திரும்பிப் பாத்தா மனுஷன் அழுதுக்கிட்டிருக்காரு. என்னய்யா ஆச்சுன்னேன். 'வாயை மூடிக்கிட்டு வரைய்யா, இது காஞ்சிடும்'னாரு."

லியரில் இந்த வருடம் வெங்காயம் நல்ல விளைச்சல். சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

டிம்ப்னா


லியர், அக்டோபர் கடைசி

கோமாருக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? முழங்காலா? பார்பெல் கஞ்சி வைத்துத் தருகிறாளா? உன் கிறுக்கலைப் பற்றி நான் சொன்னதற்கெல்லாம் கோபமா? கிறுக்கல் என்பது உண்மைதான். ஆனாலும் கடிதம் வரட்டும்.

என் வரிகள் கோணுவதை நீயே கண்டுபிடித்துவிட்டாய், மறைத்துப் பயனில்லை. பின்னல் வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். நூல் தெரியவில்லை. மனிதர்கள் நிழலாகத் தெரிகிறார்கள். இந்தக் கடிதத்தை விரலை ஓரமாக வைத்து எழுதுகிறேன். உன் முகம் மட்டும் ஒரு முழம் பெரிதாக இருந்ததால், தூணடியிலிருந்து எனக்குத் தெரிந்தது. ஆறு மாதம் நான் பார்த்த ஒரே முகம் அதுதான். அதைத்தான் மாற்றச் சொல்லிக் கேட்டேன். நான் கேட்டது கிடைக்கவில்லை, ஆனால் வேறு ஒரு முட்டாள் கேட்டது கிடைத்துவிட்டது.

முதலாளியைத் திட்டிப் பார்த்தேன். சுவாரசியமில்லை. அந்நியனை எவ்வளவு நேரம் திட்ட முடியும்?

வாசல் காவல்காரியிடம் உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். "என்ன அடையாளம்?" என்று கேட்டாள். "பழைய பேதுரு" என்றேன். யாரும் முட்டி போட வேண்டாம். எனக்கே முட்டி போட முடியவில்லை.

அக்கா


ஆன்ட்வெர்ப், மார்ட்டின் திருநாளுக்கு நான்கு நாள் முன்னால்

என் அக்கா டிம்ப்னாவுக்கு,

கோபமில்லை. மசி தீர்ந்திருந்தது. ஒரு மாதமாகத் தீர்ந்திருந்தது.

நீ இந்தக் கடிதத்தை அல்டெகொண்டாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வாய். அல்டெகொண்டா அம்மா, பெரிய எழுத்தாகப் போட்டிருக்கிறேன், நிதானமாகப் படியுங்கள், விம்ம வேண்டாம்.

என் முகத்தைத் தீட்டி வைத்திருந்த காகிதத்தைத் தரட்டுமா என்று லீவன் கேட்டார். அந்த அசல் தலைப்படம், சிரிக்காத வாய் உள்ளது. "உன் அக்காவுக்குக் கொண்டு போய்க் கொடுய்யா, மடியில் வச்சுப் பாப்பாங்க" என்றார். வேண்டாம் என்றேன். மடியில் வைத்துப் பார்ப்பதற்கு நான் என்ன தாடையில்லாத மண்டை ஓடா? அசலையே கொண்டுவருகிறேன். ஒரு முழம் பெரிதாக இல்லைதான். கிட்ட வந்து நிற்கிறேன், மூக்கு மூக்கில் இடிக்கிற அளவுக்கு. ஓவியன் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொள். கூலி வேண்டாம்.

சனிக்கிழமைப் படகில் வருகிறேன். முட்டி போடமாட்டேன், மன்னிப்புக் கேட்கமாட்டேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கதவைச் சாத்தும்போது பார்த்துச் சாத்து. இன்னும் ஒன்பது விரல் நேராக இருக்கிறது.

லீவன் சொன்னதை நம்பாதே. ஓவியர்கள் எல்லாரும் பொய்யர்கள், நாயைச் சிங்கம் என்பவர்கள். நான் உன்னிடம் சொன்னதுதான் உண்மை. வெங்காயம்தான், அக்கா.

பக்கத்து வீட்டில் விலாங்குக் குழம்புக்கு அரிந்தார்கள். அம்மா அரிகிற அதே சத்தம்.

கோமார்.